காளத்தியின் நூறு புள்ளிகள்

நூறு புள்ளிதான். அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. காளத்தி என்ற கோட்டைக் காவலனின் உடம்பில் அந்த நூறை அடித் தடுப்பு, வெட்டுத் தடுப்பு, தீத் தடுப்பு, நஞ்சுத் தடுப்பு என்று நான்காகப் பங்கு வைப்பதுதான் வள்ளிமயிலின் வேலை. அதற்காக முன்பின் தெரியாத ஆயிரம் பேர் வாரா வாரம் அவளைத் திட்டினார்கள்.

காளத்தி நிஜ ஆளில்லை. 'கோட்டைவாசல்' என்ற கணினி விளையாட்டில் வாசலைக் காக்கிற ஆள். வாள், தீவட்டி, நஞ்சுப்புகை, கவண்கல் என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு தினமும் நாலு லட்சம் பேர் அவனை அடிக்க வருவார்கள். அவன் முன்கையில் அந்த நாலு எண்ணும் எழுதியிருக்கும். ஜெயித்தவன் வாயை மூடிக்கொண்டு போய்விடுவான். தோற்றவன் புகார் எழுதுவான். திங்கட்கிழமை காலையில் அந்தப் புகார்ப் பெட்டியைத் திறக்கும்போது வள்ளிமயிலுக்குக் காபியே கசக்கும். அவள் பிறப்பையும் வளர்ப்பையும் படிப்பையும் ஒன்று விடாமல் எவனாவது விசாரித்திருப்பான்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. சரவணம்பட்டியில் அந்த ஆபீஸில் சேர்ந்து ஒன்பது வருஷம். அவள் வைத்ததே சட்டம். காளத்தி பாதி ஆட்டத்தில் தோற்கவேண்டும், அதுதான் முதல் சட்டம். எப்போதும் ஜெயிக்கிறவனை எவனும் இரண்டாம் தடவை சீண்டமாட்டான், எப்போதும் தோற்கிறவனைச் சீண்டுவதில் சுகமில்லை. இரண்டாவது சட்டம் புகார் எழுதுகிறவர்களுக்கு. புகார் சொன்னவர் எதிர்ப்பக்கம் நின்று அவளோடு ஒரு ஆட்டம் ஆடவேண்டும். காளத்தியின் மேல் புகாரா, நீயே காளத்தியாக நில், நான் உன்னை அடிக்கிறேன். இதைக் கேட்டதும் பத்தில் ஒன்பது பேர் ஓடிப்போவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை வந்த புகார்களில் இருநூறு, ஒரே ஊரில் உட்கார்ந்து எழுதியது மாதிரி இருந்தன. எல்லோரும் கவண்கல் ஆட்கள். 'காளத்திக்கு அடித் தடுப்பு நாற்பது அநியாயம். கல் பட்டால் துடைத்துவிட்டு வருகிறான்.' அதில் அதிகமாகத் திட்டியிருந்தது 'கவண்காரி' என்கிற பெயர். ஓடமாட்டாள் போலிருந்தது. புதன்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டம் வைத்தாள் வள்ளிமயில்.

இடையில் செவ்வாய்க்கிழமை மதியம், டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில், தம்பி தண்டபாணி கூப்பிட்டான். மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுவான், சண்டை போடுவதற்காகவே. வெள்ளைக்கரட்டில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அவன் காவலாளி. சுரங்கம் பெரிசாக வேண்டும், குன்றுக்குக் கீழே கரட்டடியில் நாற்பது வீடு நிற்கிறது, வீட்டுக்காரர்கள் நகரமாட்டேன் என்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான்.

"என்னக்கா, பொம்மைக்குக் கவசம் தெச்சாச்சா?" என்று ஆரம்பித்தான்.

"ஊரெல்லாம் ஒரு வீடியோ சுத்துதே, அதுல நீ இருக்கறயே, அதைப் பத்திப் பேசு மொதல்ல. ஒரு பொம்பளைய முடியப் புடிச்சு இழுத்துட்டுப் போறது நீதானே?"

"மூஞ்சி பூராக் கவசம். நாந்தான்னு உனக்கெப்பிடித் தெரியும்?"

"நடையப் பாத்தா தெரியாதா? உன்னைய இடுப்புல தூக்கி வளத்தவடா நான்."

 அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "பதினெட்டாந்தேதி அவிங்க கேஸ் கோர்ட்டுக்கு வருது. அதுக்குள்ள நாப்பது வூட்டையும் தரைமட்டம் பண்ணோணும்னு மேல இருந்து உத்தரவு. நான் போகாட்டி இன்னொருத்தன் போவான். எங்களுக்கென்ன ஆசையா? அவிங்க கல்லுல அடிக்கறாங்க, டயரக் கொளுத்திப் புகைய உடறாங்க. எங்கூடக் காவலுக்கு நின்ன ராக்கியப்பன் அந்தப் புகையிலதான் செத்தான். அதுக்கப்புறம் ஸ்டிரைக் பண்ணி ஒரே ஒரு உரிமை வாங்கியிருக்கோம், தெரியுமா? இப்ப குடுத்திருக்கற சட்டையில நம்பர் காட்டும். எந்த நம்பர் பத்துக்குக் கீழ இருந்தாலும் எவனும் கேட்டத் தாண்டமாட்டான். மேனேஜரே வந்து சொன்னாலுஞ் செரி."

"நல்லா உரிமை வாங்குனீங்க போ" என்று போனை வைத்தாள். என்ன நம்பர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கோபம் வந்தவளுக்குக் காது ஏது?

புதன்கிழமை கவண்காரி சொன்ன நேரத்துக்கு வந்தாள். திரையில் அவள் காளத்தியாக வாசலில் நின்றாள். வள்ளிமயில் எதிரே கவணோடு நின்றாள். காதில் ஒரு நடுவயசுப் பெண்ணின் குரல். பின்னால் கோழி கத்திக்கொண்டிருந்தது.

"ஏனுங், நீங்கதான் நம்பர் போடற அம்மிணிங்களா?"

"ஆமாங்க. வாயில வந்தபடி எழுதியிருந்தீங்களே, இப்ப பேசுங்க."

"பேச என்ன இருக்குதுங்? அடிங்."

கவண்காரி நகரவே இல்லை. மற்றவர்கள் தாவுவார்கள், உருளுவார்கள். இவள் காளத்தியைச் சும்மா நிறுத்தி வைத்திருந்தாள். வள்ளிமயில் ஒவ்வொரு கல்லாக அடித்தாள். காளத்தி விழுவதற்குப் பத்தொன்பது கல் ஆயிற்று.

"எண்ணுனீங்ளா? பத்தொம்போது. நான் பத்து வயசுல இருந்து சோளக்காட்டுல குருவி ஓட்டுனவ. ஒரு கல்லு, காதுக்குப் பின்னால பட்டா, எந்த மனுசனும் உக்காந்துருவான். உங்க ஆளு சிரிச்சுக்கிட்டு வர்றான். அவன் பாட்டுக்கு வந்துக்கிட்டே இருந்தா நாங்க எங்கீங் போறது?"

"இது வெளையாட்டுங்க."

"உங்களுக்கு."

சண்டையிலும் மரியாதைக்கு ஒரு 'ங்' விடாத ஊர் அது, அதனால் அந்த வார்த்தை மட்டும் மொட்டையாக வந்தது வள்ளிமயில் மனதில் தைத்தது. கணக்கை எடுத்துப் பார்த்தாள். கவண்கல் ஆட்கள் நூற்றுக்கு முப்பத்தொரு ஆட்டம்தான் ஜெயித்திருந்தார்கள். வாயாடியாக இருந்தாலும் அவள் சொன்னது நியாயம். வியாழன் மதியம் வள்ளிமயில் அடித் தடுப்பை நாற்பதிலிருந்து இருபத்தெட்டுக்கு இறக்கினாள். எடுத்த பன்னிரண்டைத் தீயில் வைத்தாள். அடி இருபத்தெட்டு, வெட்டு இருபத்தைந்து, தீ முப்பத்திரண்டு, நஞ்சு பதினைந்து. நூறு. ஒரு நியாயம் செய்த திருப்தியோடு சீக்கிரமே வீட்டுக்குப் போனாள், பாவம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

தண்டபாணிக்கு வலது தோளெலும்பு உடைந்து, மூன்று விலா எலும்பு நொறுங்கி, அதில் ஒன்று நுரையீரலைக் குத்தியிருந்தது. எல்லாம் கல்லடி. காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் புல்டோசருக்கு முன்னால் இறங்கிப் போயிருக்கிறார்கள். தினமும் பட்டு உதிர்கிற கல் இன்றைக்குப் பட்டு உள்ளே இறங்கியிருக்கிறது. அவனோடு இன்னும் நாலு பேர் பக்கத்துக் கட்டில்களில் கிடந்தார்கள். டாக்டர், "இன்னும் ரெண்டு விரற்கடை தள்ளியிருந்தா உங்க தம்பி இல்லைங்க" என்றார்.

அவன் கண்ணைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அந்த மாராத்தா." கவண் அடிக்கிறவள் பெயர் அது. வீடியோவில் அவன் இழுத்துக்கொண்டு போன பெண்ணும் அவள்தான். "எந்திரிச்சதும் மொதல்ல அவ வூட்டுக்குத்தான் போவேன். பதினெட்டாந்தேதி என்ன, திங்கக்கெழமையே எங்க ஆளுக போவாங்க. நான் சொல்லியாச்சு."

"வாய மூடிட்டுப் படுறா. சாகப் பொழைக்கக் கெடக்கறே."

"சட்டைதான்க்கா ஏமாத்திருச்சு. கால்மாட்டுல பாரு, பையில இருக்குது."

கட்டிலுக்குக் கீழே பிளாஸ்டிக் பையில் ரத்தக்கறையோடு அந்தச் சட்டை இருந்தது. நெஞ்சில் 17 என்று அவன் எண். இடது முன்கையில் உள்ளங்கை அளவு ஒரு திரை, இன்னும் அணையவில்லை. 28. 25. 32. 15.

வள்ளிமயில் கூட்டிப் பார்த்தாள், நூறு. தன் கையெழுத்து யாருக்காவது தெரியாமல் போகுமா? நேற்று மதியம் மூன்று மணிக்கு, பக்கத்தில் முறுக்கை வைத்துக் கடித்துக்கொண்டே அவள் போட்ட எண்கள். அடி, வெட்டு, தீ, நஞ்சு. தம்பியின் விலா எலும்பை அவள்தான் உடைத்திருக்கிறாள்.

அங்கிருந்து நேரே ஆபீஸுக்குப் போனாள். முதலாளி நடேசமூர்த்தி அவள் கத்தி முடிக்கும்வரை பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு, கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார்.

"அந்தச் சட்டைத் துணி அடி விழற எடத்துல கல்லு மாதிரி ஆகும் வள்ளிமயில். வெட்டுன்னா ஒருவிதமா, தீன்னா ஒருவிதமா. புகைக்கு மூஞ்சியில ஒரு வடிகட்டி. ஆனா பாட்டரி ஒண்ணுதான். எல்லாத்துக்கும் முழுசாக் குடுத்தா அரைமணியில செத்துரும். எதுக்கு எவ்வளவுன்னு யாரைக் கேக்கறது? ஆளை நிறுத்தி அடிச்சுப் பாத்தா கேஸாயிரும். நம்ம ஆட்டத்துல நாலு லட்சம் பேரு தினமும் காளத்தியை அடிச்சுப் பாக்கறாங்க. சட்டைக் கம்பெனிக்காரங்க கேட்டாங்க, குடுத்தேன். நீ எண்ணை மாத்துனா அங்கயும் தானா மாறும்."

"சார், அந்த எண்ணு காவலன் பொழைக்கறதுக்குப் போட்டதில்லைங்க. பாதி ஆட்டத்துல தோக்கறதுக்குப் போட்டது. ஒம்போது வருசமா நான் பாத்துப் பாத்து அவனைத் தோக்க வெச்சுட்டிருக்கேன்."

நடேசமூர்த்தியின் கையில் பேனா நின்றது. இதை அவர் யோசித்ததே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. இப்படி ஒரு தப்பை இந்தத் தொழிலில் இருக்கிறவனைத் தவிர வேறு எவனும் செய்யமுடியாது.

"அதை அவங்ககிட்டச் சொல்லவேண்டாம்" என்றார். "அடியை எழுவது ஆக்கிரு. திங்கக்கெழமை காலைல ஆறு மணிக்கு முன்னால. சுரங்கத்துக்காரங்க காலைல இருந்து குதிக்கறாங்க."

"மிச்சம் முப்பதுதான் இருக்கும். மூணுக்கும் எப்படிங்க?"

"எப்படியோ பங்கு போடு. அந்த ஊர்க்காரனுக கையில கல்லுதானே இருக்கு. உன் தம்பிக்கும் நல்லதுதானே?"

'உன் தம்பிக்கும்' என்று அவர் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. அடி எழுபது ஆனால் தம்பியை இனி எந்தக் கல்லும் ஒன்றும் செய்யாது. அவன் தைரியமாக எழுந்து மாராத்தா வீட்டுக்குப் போகலாம்.

அன்று மாலையே கவண்காரியை ஆட்டத்துக்குக் கூப்பிட்டாள். வருவாள் என்று நம்பவில்லை. வந்தாள். இந்தத் தடவை இரண்டு பேரும் ஆயுதமே எடுக்கவில்லை.

"மாராத்தாதானே நீங்க?" என்றாள் வள்ளிமயில். "தெரிஞ்சேதானே எழுதுனீங்க?"

"தெரிஞ்சுதானுங். என் முடியப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போனான் பாருங், பதினேழாம் நம்பரு, அவன் கைல அந்த நம்பரெல்லாம் எங்கண்ணுக்கு நேரா இருந்துச்சு. நாப்பது, இருவத்தஞ்சு, இருவது, பதினஞ்சு. எங்கூர்ப் பசங்கல்லாம் உங்க ஆட்டம் ஆடறவங்கதானுங். கேட்ட ஒடனே சொல்லிட்டாங்க, இது காளத்தி நம்பரு, எழுதிப் போட்டா மாத்துவாங்கன்னு. நாப்பது குடும்பம் ஒக்காந்து எழுதுனோம். ஒண்ணு கேக்கட்டுங்ளா? கலெக்டருக்கு ஏழு வருசமா எழுதறோம், ஒரு பதிலில்ல. உங்களுக்கு எழுதுனா நாலு நாள்ல மாறிப்போச்சு."

"அந்தப் பதினேழு என் தம்பி."

"அது எனக்குத் தெரியாதுங்" என்றாள் மாராத்தா. "ஆனா தெரிஞ்சிருந்தாலும் அடிச்சிருப்பேன். எம்பட வூட்டுக்காரரு வலது கைய அவன் கதவிடுக்குல வெச்சு நசுக்குனான். சோறு நாந்தான் ஊட்டறேன். செத்துட்டானா?"

"இல்ல."

"செரி" என்றாள். அதில் வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. "இப்ப என்ன, கூட்டிப் போடப் போறீங்ளா?"

"எழுபது போடச் சொல்லியிருக்காங்க."

"போடு. எழுவதில்ல, நூறு போடு. எங்க வூட்ல கல்லு தீந்தா அருவா இருக்குது. அருவா தீந்தா மண்ணெண்ணெய் இருக்குது. நீ எதைக் கூட்டுனாலும் எதையாச்சும் கொறைச்சுத்தானே ஆகோணும்? அந்த எடத்துல அடிப்போம்." இந்தத் தடவை 'ங்' எதுவும் இல்லை. அவள் போய்விட்டாள்.

சனியும் ஞாயிறும் வள்ளிமயில் ஆஸ்பத்திரி நாற்காலியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பொம்பளை சொன்னது சரி. நூறுக்குள் எங்கே வைத்தாலும் எங்கேயோ ஒரு ஓட்டை விழும். ஓட்டையை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதுதான் ஒன்பது வருஷமாக அவள் வாங்குகிற சம்பளம். கல்லை அடைத்தால் அரிவாள், அரிவாளை அடைத்தால் தீ. பதினெட்டாம் தேதிக்குள் இரண்டு பக்கமும் பிணம் விழும். ஒரு பக்கத்தில் விழப்போவது தன் தம்பியாகவும் இருக்கலாம். தம்பியின் மேல் அவளுக்குப் பாசமும் இருந்தது, அருவருப்பும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளவில்லை.

தண்டபாணி தூக்கத்தில் பல்லைக் கடித்தான். தூங்கும்போதும் சண்டைதான். நம்பர் பத்துக்குக் கீழே போனால் எவனும் கேட்டைத் தாண்டமாட்டான், மேனேஜரே வந்து சொன்னாலும் சரி என்று அவன் போனில் பீற்றிக்கொண்டது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு எண்களைப் போட்டாள். அடி எழுபது. வெட்டு பதினொன்று. தீ பத்து. நஞ்சு ஒன்பது.

கூட்டிப் பார்த்த நடேசமூர்த்திக்கு நூறு சரியாக வந்தது. "பாத்தியா, மனசு வெச்சா முடியுது" என்று பாராட்டினார். விளையாட்டில் நஞ்சுப்புகையை எடுக்கிறவர்கள் நூற்றுக்கு ஒருத்தர்தான். அதனால் அந்த ஒன்பதை எவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளைக்கரட்டில் பார்த்தார்கள். காலை ஷிப்டுக்கு ஐம்பத்திரண்டு பேர் சட்டையை மாட்டினார்கள். ஐம்பத்திரண்டு பேர் முன்கையிலும் கடைசி எண் ஒன்பது. ஒருத்தன் ராக்கியப்பன் பேரைச் சொல்லியிருக்கிறான். எல்லோரும் சட்டையைக் கழற்றிக் கேட்டுக்கு உள்பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் வந்து சொன்னார். மேனேஜருக்கு மேனேஜரும் வந்து சொன்னார். புல்டோசர் டிரைவர் காவலில்லாமல் போகமாட்டேன் என்று பீடியைப் பற்றவைத்தான். கரட்டடியில் கவணோடு காத்திருந்தவர்கள் பத்து மணிவரை பார்த்துவிட்டு மாட்டைப் பிடித்துக்கட்டப் போனார்கள்.

எத்தனை நாள் தாங்கும்? நடேசமூர்த்தி விசாரிப்பார், கண்டுபிடிப்பார், அவளைத் துரத்திவிட்டு அந்த ஒன்பதைப் பத்தாக்குவார். பதினெட்டுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. கேஸ் கோர்ட்டுக்கு வரும்வரை ஒன்பதாகவே இருந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை புகார்ப் பெட்டியில் ஒரு புதுப் பெயர் இருந்தது. 'பதினேழு'.

'காளத்திக்கு நஞ்சுத் தடுப்பு ஒன்பது போதாது. ஒரே ஒரு புள்ளி கூட்டினால் போதும். பத்து ஆக்கவும்.'

பொம்மை விளையாட்டு என்று ஒன்பது வருஷம் காறித்துப்பியவன், கட்டிலில் படுத்துக்கொண்டு ஒற்றைக் கையால் அதைப் போனில் இறக்கி, பெயர் பதிந்து, புகாரும் எழுதியிருந்தான். நம்பர் எங்கிருந்து வருகிறது என்று எவனோ ஊர்க்காரன் கத்தியதை அவன் ஆட்கள் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். போட்டது அக்காதான் என்று சொல்ல அவனுக்கு ஆள் வேண்டியதில்லை. வள்ளிமயில் பதில் எழுதினாள். 'விதிப்படி, புகார் சொன்னவர் எதிர்ப்பக்கம் நின்று ஒரு ஆட்டம் ஆடவேண்டும். மதியம் இரண்டு மணி.'

காளத்திக்காகப் பரிந்து எழுதியவன் என்பதால், இரண்டு மணிக்கு அவன் எதிர்ப்பக்கத்தில் கவணோடு நின்றான். அவன் பின்னால் கோட்டையை முற்றுகையிட்டவர்களின் குடிசைகள். எதிரே வாசலில் காளத்தியாக வள்ளிமயில்.

"ஒரு புள்ளிதானேக்கா?" என்றான் காதில். மூச்சு இன்னும் சீராகவில்லை. "ஊரே எங்களப் பாத்துச் சிரிக்குது. யாரு பக்கம் நீ?"

"அடி" என்றாள்.

அடித்தான். நெஞ்சில் பட்டு உதிர்ந்தது. இன்னொன்று. தலையில் பட்டு உதிர்ந்தது. காளத்தி வாசலைவிட்டு இறங்கினான். அந்த விளையாட்டில் காளத்தி வாசலைவிட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை, அன்றைக்கு அவள் இறக்கினாள். பத்துக் கல், இருபது கல், முப்பது கல். அவன் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தான்.

"அக்கா, நிறுத்து."

ஐம்பதாவது கல்லும் பட்டு உதிர்ந்தது. தண்டபாணி பின்னால் நகர்ந்து குடிசைச் சுவரில் முட்டினான். போவதற்கு வேறு இடமில்லை. காளத்தி கையை நீட்டி அவன் முடியைப் பிடித்து, தரதரவென்று வாசலைப் பார்த்து இழுக்க ஆரம்பித்தான்.

"அக்கா!"

"கண்ணத் தெறந்து பாருடா" என்றாள் வள்ளிமயில். "முன்கையில நாலு நம்பரு. உங்கண்ணுக்கு நேராத்தான் இருக்கும்."

 அவன் போனை வைக்கவில்லை. புகாரை அவன் திரும்ப வாங்கவும் இல்லை. அவள் ஒன்பதை மாற்றவும் இல்லை.